ஹீரோவைத் தேடிப் போன பானுமதி

படுத்தால் தூங்கிவிடுகிற ஆள்தான் பானுமதி. கல்யாண வீட்டுக்குப் போனால் பந்தி முடிவதற்குள் சுவரோரம் சாய்ந்து ஒரு கண் அயர்ந்துவிடுவாள். பஸ்ஸில் உட்கார்ந்தால் கண்டக்டர் தட்டி எழுப்பித்தான் டிக்கெட் கொடுக்க வேண்டும். 'உனக்கென்னடி, குடுத்து வச்சவ' என்று கூட வேலை பார்க்கும் பெண்கள் கேலி பேசுவார்கள்.

விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டைக்குள் ஒரு பொம்மைக் கம்பெனியில் அவளுக்கு வேலை. சூளையில் சுட்டு எடுத்த பீங்கான் பொம்மைகளுக்கு வண்ணம் தீட்டுகிற பெண்களில் அவள்தான் மூத்தவள். சேலை, நகை, தலைப்பாகை எல்லாம் மற்றவர்கள் தீட்டிக் கொடுப்பார்கள். கண் மட்டும் பானுமதிக்கு. மெல்லிய பிரஷ்ஷை நுனியில் பிடித்து, மூச்சை அடக்கி இரண்டு கோடு, ஒரு புள்ளி. பொம்மை விழித்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும். "பானுமதி கை வச்சாத்தான் பொம்மை நம்மளைப் பாக்கும்" என்று முதலாளி மதிவாணன் வெளியூர் வியாபாரிகளிடம் சொல்வார். அதைக் கேட்காதவள்போல் அவள் குனிந்துகொள்வாள். ஆனால் அன்றைக்கு வீட்டுக்கு நடந்து போகிற நடையே வேறாக இருக்கும்.

புருஷன் தர்மராஜுக்கும் அதே தொழிற்பேட்டையில்தான் வேலை, வேறொரு கம்பெனியில். மண் அரைக்கிற உருளை மில். பெரிய இரும்பு உருளைக்குள் கல் குண்டுகள் உருண்டு உருண்டு மண்ணை அரைக்கும். அந்தச் சத்தத்துக்குப் பக்கத்திலேயே வாழ்நாளைக் கழித்ததில் அவருக்குக் காது பாதிக்கு மேல் போய்விட்டது. முகத்துக்கு நேராக நின்று சத்தமாகச் சொன்னால் புரிந்துகொள்வார். ராத்திரி படுத்துவிட்டாரென்றால் கூரையே விழுந்தாலும் தெரியாது.

மகள் மோகனப்பிரியாவைத் திருப்பூரில் கட்டிக்கொடுத்த பிறகு வீட்டில் இவர்கள் இரண்டு பேர்தான். ஆலடி ரோட்டிலிருந்து பிரிகிற ஒரு தெருவின் கடைசி வீடு. ஒரு பக்கம் முள் மண்டிய காலி மனை. எதிரே ஒரு குடோனின் முதுகுச்சுவர். இன்னொரு பக்கம் கனகா வீடு. இரண்டு குடும்பமும் ஒரே வருஷத்தில் வீடு கட்டிக் குடிவந்தவர்கள். கனகாவின் புருஷன் விருத்தகிரி நெல் மண்டியில் வேலை பார்ப்பவர். அவர்களுக்கு ஒரே பையன், பாரி. கனகா மஞ்சள்காமாலையில் படுத்துக் கிடந்த காலத்தில் பாரிக்குக் காலையும் ராத்திரியும் சோறு பானுமதி வீட்டில்தான். "அத்தை, ரசம்" என்று தட்டை நீட்டிக்கொண்டு உட்காரும் பிள்ளை. அவன்தான் வளர்ந்து, மங்கலம்பேட்டையில் ஒருவர் மூலமாக விசா கிடைத்து, கத்தாருக்குப் போனான். போகிறதற்கு முன்னால் அம்மாவுக்குத் துணையாக இருக்கட்டும் என்று ஒரு நாய்க்குட்டியைக் கொண்டுவந்து விட்டான். செம்பட்டை நிறம், ஒரு காது மடங்கி, ஒரு காது நிமிர்ந்து. ஹீரோ என்று பேர் வைத்தான்.

குட்டியாக இருந்தவரை பானுமதியும்தான் அதைத் தூக்கிக் கொஞ்சினாள். வளர்ந்ததும் அதைச் சங்கிலி போட்டுக் கட்டினார்கள். கட்டின இடம் இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருக்கும் சந்து. பானுமதி படுக்கிற அறையின் ஜன்னலுக்கு நேர் கீழே.

ராத்திரி ஊர் அடங்கியதும் அது ஆரம்பிக்கும். காலி மனையில் பூனை போனால் குரைக்கும். ஜங்ஷனில் ரயில் ஊதினால் குரைக்கும். எங்கோ பூதாமூர்ப் பக்கம் ஒரு நாய் குரல் கொடுத்தால் இது பதில் சொல்லும். எதுவுமே இல்லாதபோதும் குரைக்கும். அதுதான் கொடுமை. காரணத்தோடு குரைத்தால் காரணம் தீர்ந்ததும் நின்றுவிடும் என்று காத்திருக்கலாம். கனகாவும் புருஷனும் படுப்பது வீட்டின் அந்தக் கடைசி அறையில், ஜன்னலைச் சாத்தி ஏசி போட்டுக்கொண்டு. அது பாரி அனுப்பிய பணத்தில் மாட்டியது. தர்மராஜுக்குக் காது கேட்காது. ஆக, ஹீரோ குரைப்பது இந்த உலகத்திலேயே பானுமதி ஒருத்திக்கு மட்டும்தான் கேட்டது.

"நேத்து ராத்திரி ஒரு பொட்டுத் தூக்கம் இல்லைங்க" என்று தர்மராஜின் முகத்துக்கு நேராகச் சொன்னாள்.

"ஏன், ஒடம்புக்கு என்னா?"

"நாயி கொலைச்சுக்கிட்டே இருக்குது."

"அப்படியா? எனக்கு ஒண்ணும் கேக்கலியே" என்றார் அவர். பாவம், அவர் சொன்னது உண்மைதான்.

முதலில் பானுமதி நயமாகத்தான் பேசினாள். கோலம் போட வந்த கனகாவிடம், "கனகா, அதைக் கொஞ்சம் வாசப்பக்கமா மாத்திக் கட்டேன். ராவுல தூங்க முடியல" என்றாள்.

"வாசல்ல கட்டுனா போறவங்க வர்றவங்க மேல பாயுதுக்கா. பின்னாடி கட்டலாம்னா மழை பெஞ்சா சேறாயிடுது. அதுவும் ஒரு சீவந்தானே?"

"கொலைக்காம இருக்க ஏதாச்சும் பழக்கலாமே."

"நாயின்னா கொலைக்காம பாட்டா பாடும்?" என்று கனகா சிரித்தாள். பானுமதியும் சேர்ந்து சிரித்துவிட்டு வந்துவிட்டாள். அந்தச் சிரிப்பை நினைத்து அவள் பின்னால் எத்தனையோ தடவை தன்னைத் திட்டிக்கொண்டாள்.

காதில் பஞ்சு வைத்துப் பார்த்தாள். கூடத்துக்குப் போய்ப் படுத்துப் பார்த்தாள். சத்தம் சுவர் ஏறி அங்கேயும் வந்தது. பழைய டேபிள் பேனைத் தலைமாட்டில் வைத்து ஓடவிட்டாள். நாயின் சத்தத்தோடு பேனின் சத்தமும் சேர்ந்துகொண்டது. கடைசியில் ஒரு யோசனை வந்து, அது குரைக்கும்போது ஜன்னல் வழியாக ஒரு பிஸ்கட்டைப் போட்டாள். சட்டென்று அடங்கியது. அப்பாடா என்று போய்ப் படுத்தாள். சில நாளில் ஹீரோ கணக்கைப் புரிந்துகொண்டது. குரைத்தால் பிஸ்கட் வரும். பிஸ்கட் வருகிறவரைக்கும் குரைக்க வேண்டும். முன்பாவது இருட்டைப் பார்த்துக் குரைத்துக்கொண்டிருந்தது. இப்போது அவள் ஜன்னலைப் பார்த்தே குரைக்க ஆரம்பித்தது.

நகராட்சி ஆபீசுக்குப் போனாள். தெரு நாய் என்றால் பிடிப்போம், வீட்டு நாய்க்கு நாங்கள் என்ன செய்ய முடியும் என்றார்கள். போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனாள். அங்கிருந்த பெண் போலீஸ் பொறுமையாகத்தான் கேட்டாள். "ஏம்மா, நாளைக்கு ஒண்ணுன்னா மொதல்ல ஓடியாரவங்க பக்கத்து வூட்டுக்காரங்கதான். பேசித் தீத்துக்கங்க" என்று சொல்லிவிட்டு, விருத்தகிரிக்குப் போன் போட்டு ஒரு வார்த்தை சொன்னாள். அந்த ஒரு வார்த்தையில் இரண்டு வீட்டுப் போக்குவரத்தும் நின்றது. கனகா கோலம் போடும்போது முதுகைக் காட்டிக்கொண்டு போட்டாள்.

இதற்கு நடுவில் கம்பெனியில் ஒரு நாள் மதிவாணன் அவளைக் கூப்பிட்டார். மேஜையில் ஒரு தட்டு நிறையப் பொம்மைகள் இருந்தன. எல்லாவற்றுக்கும் கண் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டிருந்தது. ஒரு முருகன் வானத்தைப் பார்த்தார், அவருடைய மயில் தரையைப் பார்த்தது.

"என்னாம்மா இது?"

"தூக்கம் இல்லைங்க மொதலாளி. கை நடுங்குது."

"டாக்டரைப் பாத்தியா?"

"பக்கத்து வூட்டு நாயிங்க..." என்று தொடங்கியவளுக்கு அதற்கு மேல் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. சொன்னால் சின்ன விஷயமாகத்தான் தெரிந்தது. அவர் கோபப்படவில்லை. "கொஞ்ச நாளைக்கு பேக்கிங்ல இரு. ஒடம்பு தேறுனதும் பாத்துக்கலாம்" என்றார். பொம்மைகளுக்கு வைக்கோல் சுற்றிப் பெட்டியில் அடுக்குகிற வேலை. அவள் உட்கார்ந்திருந்த ஜன்னலோரத்து முக்காலியில் மறுநாளே வெண்பா என்ற சின்னப் பெண் உட்கார்ந்து கண் வைத்துக்கொண்டிருந்தாள்.

அன்று சாயங்காலம் தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்கும்போது, யாரோ "ஏன்க்கா மொகம் வாடிக் கெடக்குது?" என்று கேட்டதும் பானுமதிக்குப் பொங்கிவிட்டது. "அந்த நாயை எவனாவது புடிச்சிக்கிட்டுப் போயி கண்காணாத எடத்துல வுட்டுட்டு வந்தா, அவன் கால்ல வுழுந்து கும்புடுவேன்" என்றாள். குழாயடியில் எல்லோரும் சிரித்தார்கள்.

மாசி மகம் வந்தது. தேரும் தீர்த்தவாரியுமாக ஊரே மணிமுத்தாற்றங்கரையில் கிடந்தது. எங்கே பார்த்தாலும் வேட்டுச் சத்தம். பானுமதியும் தர்மராஜும் கோயிலுக்குப் போய்விட்டு வந்து அசதியில் படுத்தார்கள். அன்று அவள் தூங்கினாள். பழைய பானுமதி தூங்குகிற மாதிரி, வாயைத் திறந்து, கனவில்லாமல் தூங்கினாள். விடிந்து வெயில் முகத்தில் பட்டபோதுதான் விழித்தாள். உடம்பு பஞ்சு மாதிரி இருந்தது. இவ்வளவு நல்லதாக ஒரு காலை விடிந்து எத்தனை நாளாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே சந்தில் கனகாவின் குரல் கேட்டது.

"அய்யய்யோ, ஹீரோவைக் காணோமே!"

சங்கிலி கிடந்தது. கழுத்துப் பட்டை அதிலேயே மாட்டியிருந்தது. நாய் மட்டும் தலையை உருவிக்கொண்டு போயிருந்தது. வேட்டுச் சத்தத்துக்கு மிரண்டு இழுத்துக்கொண்டு ஓடியிருக்க வேண்டும். பானுமதிக்கு அப்படித்தான் தோன்றியது. கனகாவுக்கு அப்படித் தோன்றவில்லை. மதிலுக்கு அந்தப் பக்கம் நின்று அவள் கத்தியது தெரு முழுக்கக் கேட்டது.

"போலீசுக்குப் போனாங்க, முனிசிபாலிட்டிக்குப் போனாங்க, ஒண்ணும் வேலைக்கு ஆவலன்னதும் கைவரிசையைக் காட்டிட்டாங்க! குழாயடியில சொன்னாங்களாமே, கால்ல வுழுந்து கும்புடுவேன்னு!"

"கனகா, சத்தியமா நான் ஒண்ணும் பண்ணல. நல்லா தூங்கிட்டேன், எனக்கு எதுவுமே தெரியாது."

"தூங்குவீங்க. ஏன் தூங்க மாட்டீங்க?"

பானுமதி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அவள் முகத்தில் தூக்கத்தின் தெளிவு அப்படியே இருந்தது. அதை எங்கே கொண்டுபோய் ஒளிப்பது?

அன்று மத்தியானம் கனகா போனை மதில் மேல் நீட்டினாள். திரையில் பாரி. வேலை செய்கிற இடத்தின் தொப்பியோடு நின்றுகொண்டிருந்தான். கன்னம் ஒட்டியிருந்தது.

"அத்தை, தொந்தரவா இருந்தா எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் இல்ல? எங்க வுட்டீங்கன்னு மட்டும் சொல்லுங்க. நான் யாரையாச்சும் அனுப்பிக் கூட்டியாரச் சொல்றேன்."

"பாரி, நான் எதுவும் பண்ணலப்பா. உன்மேல ஆணையா."

"சரிங்க அத்தை" என்று அவன் மரியாதையாகச் சொன்னான். போன் அணைந்துவிட்டது.

கனகா கத்தியதைக்கூட அவள் தாங்கிக்கொண்டாள். இந்த 'சரிங்க அத்தை'யைத் தாங்க முடியவில்லை. அன்று முதல் வேலை முடிந்ததும் அவள் நாயைத் தேடக் கிளம்பினாள். பாலக்கரை, கடைவீதி, பஸ் ஸ்டாண்டு, ரயில்வே குவார்ட்டர்ஸ் பக்கம் என்று ஒவ்வொரு இடமாக அலைந்தாள். கறிக்கடைகளில் விசாரித்தாள். "செம்பட்டை நாயி, ஒரு காது மடிஞ்சிருக்கும்" என்று சொல்லிச் சொல்லி நாக்கு வறண்டது. தர்மராஜும் பழைய மொபெட்டில் சுற்றினார். யாரிடமாவது கேட்பார், அவர்கள் சொல்கிற பதில் அவருக்குக் கேட்காது. திரும்பி வந்துவிடுவார். ராத்திரி வீடு நிசப்தமாக இருந்தது. அந்த நிசப்தத்திலும் அவளுக்குத் தூக்கம் வரவில்லை.

கனகா கொளஞ்சியப்பர் கோயிலுக்குப் போய்ப் பிராது கட்டிவிட்டு வந்தாள் என்று தெருவில் பேச்சு. பிராது கட்டுவதென்றால் சாமியிடமே வழக்குப் போடுவது. தனக்கு நடந்த அநியாயத்தைத் தாளில் எழுதி, சாமி பாதத்தில் வைத்து எடுத்து, அங்கே முனியப்பர் வேலில் கட்டிவிட்டு வருவார்கள். செய்தவர்களைச் சாமி சும்மா விடாது என்று சுற்றுவட்டாரமே நம்பும். பானுமதியும் நம்புகிறவள்தான். தன் பேரும் அந்த வேலில் தொங்குகிறது என்பதை நினைக்கும்போதெல்லாம் கோயில் இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டாள்.

கம்பெனிப் பெட்டிகளை ஏற்றிப் போகும் லோடு ஆட்டோக்காரன் நிலவன்தான் அந்தத் தகவலைச் சொன்னான். "யக்கா, மங்கலம்பேட்டைக் கடைத்தெருவுல பாய் கறிக்கடையாண்ட ஒரு நாயி கெடக்குது. நீங்க சொல்ற மாதிரியேதான் காது மடிஞ்சிருக்குது."

அன்றைக்கே அரை நாள் லீவு கேட்டு நிலவனின் ஆட்டோவில் ஏறினாள். கறிக்கடைக்கு முன்னால் சாக்கு விரிப்பில் படுத்திருந்தது ஹீரோ. முன்னங்காலில் ஒரு காயம் ஆறிக்கொண்டிருந்தது. அவளைப் பார்த்ததும் எழுந்து, உடம்பு முழுக்க நெளிய வாலை ஆட்டிக்கொண்டு ஓடிவந்து, அவள் சேலையில் மூஞ்சியைத் தேய்த்தது.

"உங்க நாயாம்மா?" என்றார் கடைக்காரர். "எப்படி வந்துச்சுன்னே தெரியல. நொண்டிக்கிட்டு வந்து நின்னுச்சு. பாவமேன்னு போட்டு வச்சிருக்கேன். பாருங்க, எசமானியைப் பாத்ததும் எப்படிக் கொஞ்சுதுன்னு."

எஜமானி இல்லை என்று சொல்ல நினைத்தாள். அதற்குள் கண் கலங்கிவிட்டது. அவளும் அங்கேயே உட்கார்ந்து அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். இத்தனை நாள் தன் உயிரை எடுத்த நாய் அதுதான் என்பது அந்த நேரத்தில் நினைவில் இல்லை. இனிமேல் பாரி தன்னைச் சந்தேகப்பட மாட்டான், சாமி தன்னைத் தண்டிக்காது என்பதுதான் மனசில் இருந்தது. திரும்பி வருகிற வழியெல்லாம் ஹீரோ அவள் மடியில் தலைவைத்து வந்தது.

தெருவில் ஆட்டோ நின்றதும் கனகா ஓடிவந்து நாயைக் கட்டிக்கொண்டு அழுதாள். அக்கம்பக்கத்தார் கூடிவிட்டார்கள். பானுமதி சிரித்த முகத்தோடு நின்றாள். யாராவது ஒரு நல்ல வார்த்தை சொல்வார்கள் என்று அவள் எதிர்பார்த்தாள்.

விருத்தகிரிதான் கேட்டார். "எங்க இருந்துச்சு?"

"மங்கலம்பேட்டையிலண்ணா. கறிக்கடையாண்ட."

"அம்மாந்தொலைவு அது எப்படிப் போச்சு?"

"தெரியலண்ணா."

"அங்க இருக்குதுன்னு உங்களுக்கு யாரு சொன்னது?"

"எங்க கம்பெனிக்கு வண்டி ஓட்டுற இந்தத் தம்பிதான்."

விருத்தகிரி நிலவனைப் பார்த்தார், ஆட்டோவைப் பார்த்தார். "ஓகோ" என்றார். அந்த ஓகோவைத் தெருவே பிடித்துக்கொண்டது. சொந்த வீட்டுக்காரர்களுக்குக் கிடைக்காத நாய் இவளுக்கு மட்டும் எப்படிக் கிடைத்தது? வண்டி வைத்துக் கொண்டுபோனவர்களுக்குத்தானே வண்டி வைத்துக் கொண்டுவரத் தெரியும்? நாய்கூட அவளைப் பார்த்து வாலை ஆட்டுகிறதே, பிஸ்கட் போட்டுப் பழக்கிப் பிடித்திருக்கிறாள்.

"பிராது கட்டுனேன். பயந்துபோயி தானா கொண்டாந்து வுட்டுட்டாங்க. கொளஞ்சியப்பன் கண்ணு தொறந்துட்டான்" என்று கனகா கையெடுத்துக் கும்பிட்டாள்.

"நான் கொண்டுபோகல கனகா. தேடித்தான் கண்டுபுடிச்சேன். அந்தக் கறிக்கடைக்காரரைக் கேட்டுப் பாரு" என்றாள் பானுமதி. சொல்லச் சொல்லக் குரல் கெஞ்சுகிற குரலாக மாறுவது அவளுக்கே தெரிந்தது. நிலவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். "நீ சும்மா இரு தம்பி, உன்னையும் சேத்துத்தான் சொல்றாங்க" என்று யாரோ சொன்னதும் அவன் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

ஹீரோவைப் பழைய இடத்திலேயே, இன்னும் கனமான சங்கிலி போட்டுக் கட்டினார்கள். அன்று ராத்திரியே அது குரைத்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை அவளும் கொளஞ்சியப்பர் கோயிலுக்குப் போனாள். பிராது எழுதக் கடையில் தாள் வாங்கிக்கொண்டு மரத்தடியில் உட்கார்ந்தாள். யார் மேல் எழுதுவது? கனகா நாயைப் பறிகொடுத்துவிட்டுப் பதறினவள். பாரி எங்கோ வெயிலில் நிற்கிற பிள்ளை. நாய் மேல் பிராது கட்டினால் சாமியே சிரிக்கும். வெகுநேரம் உட்கார்ந்துவிட்டுத் தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, விபூதி மட்டும் வாங்கிக்கொண்டு வந்தாள்.

வீட்டை விற்றுவிடலாமா என்று தர்மராஜிடம் கேட்டாள். "இப்ப வித்துட்டுப் போனா, செஞ்சதுனாலதான் ஓடிட்டாங்கம்பாங்க" என்றார். அதுவும் சரிதான்.

சித்திரையில் பாரி லீவில் வந்தான். வந்த மறுநாள் காலையில் பேரீச்சம்பழப் பெட்டியும் கோடாலித் தைலமும் எடுத்துக்கொண்டு பானுமதி வீட்டுக்குள் நுழைந்தான். முன்னைவிடக் கறுத்திருந்தான். பழைய மாதிரியே செருப்பைக் கழற்றிவிட்டு நேரே அடுப்படிக்கு வந்து நின்றான்.

"நல்லாருக்கீங்களா அத்தை?"

"வாப்பா, வா. எளைச்சுப் போயிட்டியேப்பா."

கொண்டுவந்ததை அவன் அடுப்பு மேடையில் வைத்தான். பிறகு தலையைக் குனிந்துகொண்டு சொன்னான். "நடந்தது நடந்துபோச்சு அத்தை. நான் மனசுல ஒண்ணும் வச்சுக்கல. அம்மாகிட்டயும் சொல்லிட்டேன், இதோட வுட்டுடணும்னு. எனக்குச் சோறு போட்டவங்க நீங்க. ஒரு நாயிக்காவ உங்களை வேணாம்னு சொல்லிடுவனா?"

"பாரி, நான் வந்து..." என்றாள் பானுமதி.

அவன் நிமிர்ந்து பார்த்தான். மன்னித்துவிட்டவனின் நிம்மதி அந்த முகத்தில் இருந்தது. எத்தனையோ நாள் யோசித்து, தன்னைத் தேற்றிக்கொண்டு, பழையபடி அத்தை வேண்டும் என்று வந்து நிற்கிறான். இப்போது இல்லை என்று மறுபடியும் ஆரம்பித்தால் இதுவும் போய்விடும். நாயைக் கொஞ்சம் தள்ளிக் கட்டச் சொல்லப்பா என்று கேட்க நாக்கு நுனி வரை வந்தது. அதையும் கேட்க முடியாது. கேட்டால், இதற்குத்தானே செய்தாய் என்று ஆகிவிடும்.

"இட்லி வெந்துடுச்சு. சாப்புடுறியா?" என்றாள்.

"போடுங்க அத்தை" என்று அவன் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். சட்னியை இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். போகும்போது, "எப்பவும் போல வூட்டுக்கு வாங்க, அம்மா ஒண்ணும் சொல்லாது" என்று சொல்லிவிட்டுப் போனான்.

அன்று ராத்திரியும் ஹீரோ ஆரம்பித்தது. பானுமதி கண்ணைத் திறந்தபடி கிடந்தாள். கொஞ்ச நேரத்தில் கனகா வீட்டு மொட்டைமாடியில் படுத்திருந்த பாரியின் குரல் வந்தது. "டேய் ஹீரோ, கம்முனு கெட!" நாய் சட்டென்று அடங்கியது. அவள் எழுந்து உட்கார்ந்தாள். கேட்டுவிட்டது, அவனுக்கும் கேட்டுவிட்டது. மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். சற்று நேரம் கழித்து அது மறுபடியும் குரைக்கத் தொடங்கியது. மாடியிலிருந்து இப்போது குரல் எதுவும் வரவில்லை. வெளிநாட்டிலிருந்து வந்த அசதி, பிள்ளை தூங்கிப்போயிருப்பான்.